விடை ஒன்று, வழி வேறு

சென்ற மாதம் நம் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டம் முடிந்தபின், விடுதியின் மூன்றாம் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். தில்லிக் குளிருக்கு ஒரு போர்வையை இருவர் பங்கிட்டுக்கொண்டு பேசிய பேச்சு, எங்கெங்கோ சுற்றி அமெரிக்கத் தேர்தல்களில் வந்து நின்றது. முதலாண்டு படிக்கும் கோவைத் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு பழைய காட்சியை எடுத்துக் காட்டினார்.

2007ஆம் ஆண்டு மே மாதம், தென் கரோலினா மாநிலத்தில் நடந்த விவாத மேடை. குடியரசுக் கட்சியின் சார்பில் தலைவர் பதவிக்கு நிற்க விரும்பியோர் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் மெலிந்த உடலும் முதிர்ந்த முகமும் கொண்ட ஒருவர் பேசுகிறார். அமெரிக்கா பிறர் நாடுகளில் புகுந்து, ஈராக்கின்மீது பத்தாண்டுகள் குண்டு வீசியதன் எதிர்விளைவாகவே பகை வந்தது என்று அமைதியாகச் சொல்கிறார். அருகில் நின்ற நியூயார்க் நகரின் முன்னாள் மேயர் கியுலியானி சினந்து, சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்கிறார். அரங்கு கைதட்டுகிறது. ஆயினும் அந்த முதியவர் தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

காட்சி முடிந்ததும் தம்பி என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கண்ணா. தன் கட்சிக்காரங்க நடுவில நின்னுக்கிட்டே போர் தப்புன்னு சொன்ன மனுசன். இவருக்கு ஓட்டுப் போட முற்போக்காளர்களுக்கு என்ன தயக்கம்?" என்றார்.

அன்று நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவேதான் இக்கட்டுரை.

அந்த முதியவர் ரான் பால். 1935இல் பிறந்தவர், மகப்பேறு மருத்துவர், டெக்சாஸ் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1988இல் லிபர்டேரியன் கட்சியின் வேட்பாளராகத் தலைவர் தேர்தலில் நின்று 4,30,000 வாக்குகளுக்குச் சற்று மேல் பெற்றார். பிறகு 2008, 2012 ஆகிய இரு தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்றார். லிபர்டேரியன் கொள்கையைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: காவல், நீதிமன்றம், எல்லைப் பாதுகாப்பு ஆகியவற்றோடு அரசு நின்றுவிட வேண்டும், மற்றவை எல்லாம் தனிமனிதரின் விருப்பத்துக்கும் சந்தைக்கும் உரியவை. வரி அவர்களுக்குப் பறிமுதல்; பொது மருத்துவம் அத்துமீறல்; அயல்நாட்டுப் போரும் அத்துமீறலே.

இத்தகைய ஒருவரிடம் முற்போக்காளர்கள் மனம் இழந்தது எப்படி? வியப்பதற்கு ஒன்றுமில்லை. 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு இசைவு கேட்டுத் தீர்மானம் வந்தபோது, பிரதிநிதிகள் சபையில் அதை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் ஆறே பேர். அவர்களில் ரான் பால் ஒருவர். ஜனநாயகக் கட்சியின் 126 உறுப்பினர்களும் அச்சபையில் எதிர்த்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அக்கட்சியின் பெருந்தலைகளான ஹிலாரி கிளிண்டன், ஜான் கெர்ரி, ஜோ பைடன் ஆகிய மூவரும் செனட் சபையில் போருக்கு ஆம் என்றார்கள். குடிமக்களை வேவு பார்க்க வழி திறந்த 2001ஆம் ஆண்டின் பேட்ரியாட் சட்டத்தையும் அவர் எதிர்த்தார். போதைப்பொருள் சட்டங்கள் கறுப்பின மக்கள்மீதே கொடுமையாகப் பாய்கின்றன என்று 2012 ஜனவரியில் தம் கட்சி மேடையிலேயே சொன்னார். அந்த மேடையில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். 2007 டிசம்பர் 16 அன்று ஒரே நாளில் 60 இலட்சம் டாலருக்கு மேல் அவருக்கு நன்கொடை குவிந்தது. 2012 அயோவா மாநில முன்தேர்தலில் மொத்தத்தில் மூன்றாம் இடமே பெற்றாலும், முப்பது வயதுக்குட்பட்டோரின் வாக்கில் ஏறத்தாழப் பாதி அவருக்கே விழுந்தது.

மறுபுறத்தில் ஒபாமா இருந்தார். ஈராக் போரை எதிர்த்தவர் என்பதாலேயே 2008இல் பலர் அவருக்கு உழைத்தார்கள். அவர் 2009 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 படைவீரர்களை அனுப்பினார். ஆளில்லா விமானத் தாக்குதல்களைப் பெருக்கினார். 2011 செப்டம்பரில் அமெரிக்கக் குடிமகன் ஒருவரே வழக்கு விசாரணையின்றி ஏமனில் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அவருடைய பதினாறு வயது மகனும் அங்கு மாண்டான். போரை வெறுத்து ஒபாமாவுக்கு வாக்களித்தவர்களின் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்? அந்த வேதனையில் அவர்கள் திரும்பிப் பார்த்த இடத்தில் ரான் பால் நின்றுகொண்டிருந்தார். ஜனநாயகக் கட்சியினர் ஓராண்டுக்கு மட்டும் குடியரசுக் கட்சியில் பதிவு செய்துகொண்டு, முன்தேர்தலில் அவருக்கு வாக்களிக்க வேண்டும் என்று 2011இல் ஓர் இயக்கமே எழுந்தது. 'நீலக் குடியரசுக் கட்சியினர்' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். நீலம் ஜனநாயகக் கட்சியின் நிறம்.

இதுவரை கேட்டால் தம்பியின் கேள்வி நியாயமாகவே தோன்றும். இனி மறுபக்கத்தையும் பார்ப்போம்.

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ரான் பால் பெயரைத் தாங்கிச் செய்தி மடல்கள் வந்தன. அவற்றில் கறுப்பின மக்களையும் ஒருபாலின விருப்பினரையும் இழிவுபடுத்தும் எழுத்துகள் இருந்தன. 2008 ஜனவரியில் அவை விரிவாக வெளிவந்தபோது, தாம் எழுதவில்லை என்றும், தம் பெயரில் வந்ததற்கான தார்மிகப் பொறுப்பை மட்டும் ஏற்பதாகவும் சொன்னார். தம் பெயரில் ஆண்டுக்கணக்கில் வந்ததை அவர் படிக்காமலே இருந்தார் என்று நாம் நம்ப வேண்டும்!

மடல் பழங்கதை என்றே வைத்துக்கொள்வோம். 2004இல் நடந்தது அவரே அறிந்து செய்தது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் நாற்பதாம் ஆண்டைப் போற்றி ஒரு தீர்மானம் வந்தது. ஆதரவு 414, எதிர்ப்பு 1. அந்த ஒன்று ரான் பால். ஒரு கடைக்காரர் தம் கடையில் யாரை அனுமதிப்பது என்பதை அரசு கட்டளையிடுவது சொத்துரிமையின்மீது கைவைப்பது என்பது அவர் வாதம். நிற வெறி அவருக்கு உடன்பாடு என்று நான் சொல்லவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கைத் தம் வீரர் என்று போற்றியவர் அவர். அவருடைய கொள்கை அவரை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது.

இந்த இடத்தில் என் பாட்டனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, தாராவியில் தோல் பதனிடும் வேலையில் சேர்ந்தவர் அவர். ஏன் தாத்தா ஊரை விட்டீர்கள் என்று சிறுவயதில் கேட்டேன். "பஞ்சம் பாதி, குவளை பாதி" என்றார். ஊர்த் தேநீர்க் கடையில் அவருக்குத் தனிக் குவளை. குடித்ததும் அவரே கழுவி, வெளியில் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தக் கடைக்காரருக்கும் கடை சொந்தம்தான், குவளையும் சொந்தம்தான். நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று பெயர் சொல்லி அங்கே யாரையும் தடுக்கலாகாது என்கிறது. சட்டம் வந்த பிறகும் அவ்வழக்கம் எல்லா ஊரிலும் ஒழிந்துவிடவில்லை. சட்டமே இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை என்னால் வெறும் தத்துவமாக எண்ணிப் பார்க்க முடியவில்லை.

1960 பிப்ரவரி முதல் நாள், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் உல்வொர்த் கடையின் உணவுப் பகுதியில் போய் அமர்ந்தார்கள். வேளாண்மை, தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள், நம்மைப் போன்றவர்கள். அக்கடையில் அவர்கள் சீப்பும் பற்பசையும் வாங்கலாம். உட்கார்ந்து காப்பி குடிக்கக் கூடாது. நாள்தோறும் மாணவர் கூட்டம் பெருகியது. வணிகம் சரிந்தது. அவ்வாண்டு ஜூலையில் கடை பணிந்தது. லிபர்டேரியன் நண்பர்கள் உடனே சொல்வார்கள்: பார்த்தீர்களா, சட்டமின்றியே சந்தை நீதி வழங்கியது! வழங்கியது உண்மை. ஒரு கடையில், ஆறு திங்கள் போராட்டத்துக்குப் பிறகு. அந்நாட்டில் எத்தனை ஆயிரம் கடைகள்! ஒவ்வொன்றின் முன்னும் ஒருவன் தன் படிப்பை விட்டு அடியும் உதையும் வாங்கி அமர்ந்திருக்க வேண்டுமா? அந்தத் தேவை இல்லாமற் போவதற்காகத்தான் 1964இல் சட்டம் வந்தது.

அடுத்தது மருத்துவம். 2011 செப்டம்பரில் தாம்பா நகர விவாதத்தில் ரான் பாலிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. முப்பது வயது இளைஞர், நல்ல சம்பளம், காப்பீடு எடுக்கவில்லை. திடீரென்று நினைவிழந்து ஆறு மாதம் தீவிர சிகிச்சை தேவைப்படுகிறது. செலவை யார் ஏற்பது? தம் துணிவுக்குத் தாமே பொறுப்பேற்பதுதான் சுதந்தரம் என்றார் ரான் பால். அப்படியானால் சமூகம் அவரைச் சாக விட்டுவிட வேண்டுமா என்று நெறியாளர் கேட்டபோது, கூட்டத்திலிருந்து சிலர் ஆம் என்று கூவினர். ரான் பால் அதை ஏற்கவில்லை. அரசு மருத்துவ உதவிக்கு முந்திய காலத்தில் தாம் வேலை பார்த்த மருத்துவமனை யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்றும், தேவாலயங்கள் பார்த்துக்கொண்டன என்றும் சொன்னார். நல்ல மருத்துவரின் நல்ல நினைவு அது. ஆனால் அவருடைய 2008 பிரசாரத்தை முன்னின்று நடத்தியவரே, அவ்வாண்டு ஜூன் மாதம் காப்பீடு இன்றி நோயுற்று இறந்தார். மிஞ்சியது ஏறத்தாழ 4,00,000 டாலர் மருத்துவக் கடன். நண்பர்கள் கையேந்தி நிதி திரட்டினார்கள்.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது என் தந்தைக்குக் காசநோய் கண்டது. தாராவியில் பை தைக்கும் பட்டறையில் கூலி வேலை. படுத்தால் வருமானம் இல்லை. அவருக்கும் சிகிச்சை ஆறு மாதம்தான். அரசு மருந்தகத்தில் மாத்திரை இலவசம். அம்மா நாள் தவறாமல் அழைத்துச் சென்றார்கள். யாரிடமும் கையேந்தவில்லை, எவருடைய இரக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. அது எங்கள் உரிமை என்று மருந்தகச் சுவரில் எழுதியிருந்தது. அந்த மாத்திரைக்குக் காசு கேட்டிருந்தால் நான் பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போயிருப்பேன். இன்று வேதியியல் முதுகலை படித்துக்கொண்டு இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மாணவர்களுக்கு இன்னொன்று. 2011 அக்டோபரில் ரான் பால் வெளியிட்ட திட்டம், முதலாண்டிலேயே ஓர் இலட்சம் கோடி டாலர் செலவைக் குறைத்து, கல்வித்துறை உள்ளிட்ட ஐந்து துறைகளை மூடிவிடச் சொன்னது. மைய அரசின் மாணவர் கடனும் காலப்போக்கில் ஒழிய வேண்டும் என்றார். அவரைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தில் கடன் வாங்கிப் படித்த மாணவர் எத்தனை பேரோ!

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எண்கணக்கு ஒன்று சொல்கிறேன். 16/64 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொன்னால், ஒரு பையன் மேலும் கீழும் உள்ள 6ஐ அடித்துவிட்டு 1/4 என்று எழுதுகிறான். விடை சரி! ஆசிரியர் மதிப்பெண் போடலாமா? அதே பையன் 12/24க்கும் 2ஐ அடித்துவிட்டு 1/4 என்றே எழுதுவான். உண்மை விடை 1/2. முதல் கணக்கில் மறைந்திருந்த பிழை இரண்டாம் கணக்கில் வெளிப்படுகிறது.

ஈராக் என்னும் கணக்கில் ரான் பாலின் விடையும் நம் விடையும் ஒன்று. ஆனால் நாம் போரை வெறுப்பது, எங்கோ இருக்கும் மனிதரின் உயிரும் நம் பொறுப்பு என்பதால். அவர் போரை மறுத்தது, பெரும்பாலும் எவர் வாழ்விலும் அரசுக்கு வேலையில்லை என்பதால். அடுத்த கணக்கு தேநீர்க் கடை, அதற்கடுத்தது மருந்தகம். அங்கே இரு வழிகளும் பிரிந்துவிடுகின்றன. அவர் கொள்கையில் பிறழாதவர் என்று புகழ்வார்கள். மெய்தான். பிறழாதவர் என்பதால்தான் அடுத்த கணக்கில் அவர் என்ன எழுதுவார் என்பது நமக்கு முன்னரே தெரிகிறது.

இங்கே எதிர்த்தரப்பின் மிக வலிய வாதத்தை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். 2011 இறுதியில் கிளென் கிரீன்வால்டு என்ற எழுத்தாளர், தாம் ரான் பாலை ஆதரிக்கவில்லை என்று அழுத்திச் சொல்லிவிட்டு, முற்போக்காளர்களிடம் ஒரு கணக்கு கேட்டார். ஒபாமாவுக்கு வாக்களிப்பவரும் ஒரு விலை கொடுத்துத்தான் வாக்களிக்கிறார். அந்த விலையில் அயல்நாட்டுக் குழந்தைகளின் உயிரும் சேர்ந்திருக்கிறது. அதை ஒப்புக்கொண்டாவது பேசுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இன்னும் சிலர், தலைவரால் படையைத் தாமே திரும்ப அழைக்க முடியும், மருத்துவ உதவியைத் தாமே ஒழிக்க முடியாது, அதற்குச் சட்டமன்றம் வேண்டும் என்றார்கள். ஆகவே அவருடைய நன்மை கைகூடும், தீமை தடைபடும் என்பது அவர்கள் கணக்கு.

இவ்வாதம் என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. குண்டு விழும் வீட்டில் இருப்பவருக்கு, அதை நிறுத்தியவர் எந்தக் கொள்கையால் நிறுத்தினார் என்பது வேண்டாத ஆராய்ச்சி. அவருக்கு வாக்கும் இல்லை. எனினும் தலைவரின் கை நாம் எண்ணுவதைவிட நீளமானது. உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதிகளை முன்மொழிபவர் அவர். குடிமை உரிமைச் சட்டத்தை நிறைவேற்றும் வழக்கறிஞர்களை அமர்த்துபவர் அவர். சட்டமன்றம் தரும் எந்த மருத்துவச் சட்டத்தையும் மறுதலிக்க வல்லவர் அவர். சட்டம் ஏட்டில் இருக்க, அதைக் காக்க வேண்டியவருக்கே அதில் நம்பிக்கை இல்லையென்றால், தனிக் குவளை எவ்வளவு எளிதாகத் திரும்பி வரும் என்று என் பாட்டனார் சொல்லுவார்.

ஆகவே மூன்று செயல்களை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் சொன்ன உண்மையை உண்மை என்று ஏற்பது ஒன்று. ஒரு குறிப்பிட்ட செயலில் அவரோடு தோள் சேர்வது இன்னொன்று. ஆட்சி முழுவதையும் அவர் கையில் கொடுப்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் தயக்கமே வேண்டாம். அமெரிக்க முற்போக்காளர்களில் சிறந்தோர் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். மைய வங்கியான பெடரல் ரிசர்வின் கணக்கைத் தணிக்கை செய்யக் கோரி ரான் பால் பிரதிநிதிகள் சபையில் போராடியபோது, செனட் சபையில் அதே நோக்கத்தோடு திருத்தம் கொண்டுவந்தவர் சோஷலிஸ்டான பெர்னி சாண்டர்ஸ். அது 2010 மே மாதம் 96க்கு 0 என்று நிறைவேறியது. மரிஜுவானாவின்மீது மைய அரசு விதித்த தடையை நீக்க 2011இல் ரான் பாலோடு மசோதா கொண்டுவந்தவர் ஜனநாயகக் கட்சியின் பார்னி பிராங்க். இவர்கள் யாரும் அவரைத் தலைவராக்கச் சொல்லவில்லை.

போருக்கும் இவ்வழி உதவாமற் போகவில்லை. ஏமன் போரில் அமெரிக்க உதவியை நிறுத்தக் கோரும் தீர்மானத்தை பெர்னி சாண்டர்ஸும், சிறிய அரசையே விரும்பும் குடியரசுக் கட்சியின் மைக் லீயும், ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபியும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். 2019இல் இரு சபைகளும் அதை நிறைவேற்றின. அவ்வாண்டு ஏப்ரலில் தலைவர் டிரம்ப் அதை மறுதலித்துவிட்டார். தோல்விதான், ஆயினும் வெவ்வேறு வழியில் வந்தவர்கள் ஒரே விடைக்காக ஒன்றுகூட முடியும் என்பதற்கு அது சான்று.

முன்தேர்தலில் ரான் பாலுக்கு வாக்களித்த முற்போக்காளரை நான் பழிக்க மாட்டேன். அது தம் கட்சித் தலைவரின் காதில் விழும்படி கதவைத் தட்டிய ஓசை. ஆனால் நவம்பர் வாக்கு, சாவியையே கையில் கொடுப்பது. அதை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

இவ்வளவும் சொன்னபின், குற்றத்தை ரான் பால்மீதே சுமத்திவிட்டு எழுந்துபோக எனக்கு மனமில்லை. போர் தவறு என்று ஒரு மேடையில் உரக்கச் சொல்ல, மருந்தகத்தையும் கல்வித்துறையையும் மூடச் சொல்லும் ஒருவரை நாட வேண்டிய நிலை ஏன் வந்தது? மருந்தகத்தைக் காப்போம் என்றவர்கள் குண்டைப் பற்றி வாய் மூடியிருந்ததால் வந்தது. நம்மவர் பேசாமல் விட்ட உண்மையை மாற்றார் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டபின் அவருடைய மற்றச் சரக்கையும் அதனோடு சேர்த்தே விற்பார். அப்போது வாங்கியவர்களை ஏசிப் பயனில்லை.

கோவைத் தம்பிக்கு என் பதில் இதுதான். அந்தக் காட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதியவரின் துணிவைப் போற்றுங்கள். ஆனால் யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்களோ, அவர் முன்னால் போய் அதைக் காட்டி, "இதை நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று கேளுங்கள்.